தட்டிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு

ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர்களுக்குத்தான் தெரியும், பக்கத்து வகுப்பில் கேட்கும் சிரிப்பு எப்படி வயிற்றெரிச்சலைக் கிளப்பும் என்று. உங்களுக்கும் அப்படி ஒரு பக்கத்து வகுப்பு வாய்த்திருந்தால் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

பாட்டுப் பாடம்

ஐம்பதுகளின் நடுவில் கொடைக்கானல் மிஷன் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு 'ஏ' பிரிவு எனக்கு. 'பி' பிரிவுக்குப் புதிதாக வந்தவள் ஸ்டெல்லா. நடுவில் சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். இன்ஸ்பெக்ஷன் முடிந்ததும் எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தை எங்களில் ஒருத்திக்குத் தருவதாக ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். பல வருஷமாக அதற்குக் காத்திருந்தவள் நான். அவளோ நேற்று வந்தவள்.

டிரெயினிங்கில் எனக்குச் சொல்லித் தந்தபடியே பிரம்பால் மேசையைத் தட்டி, "ஐ, மை, மீ, வீ, அவர், அஸ்" என்று பாட வைப்பேன். பெயர்ச்சொல்லானால் 'பாய்', 'பாய்ஸ்' என்று எண்ணிக்கைக்கு மாறுவதோடு பெரும்பாலும் சரி, வேற்றுமைக்கெல்லாம் வளைந்து கொடுப்பது 'ஐ', 'மை' போன்ற பிரதிப்பெயர்தான் என்று விளக்குவேன். பிள்ளைகளின் வாய் என்னிடம் இருக்கும், காது தட்டியில் இருக்கும். கடைவீதியில் பூம்பாறைப் பூண்டு விற்கும் வீட்டுப் பெண் முருகாயி ஒருநாள் எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டாள்:

"டீச்சர், நம்ம கிளாஸ்ல என்னிக்கு டீச்சர் சிரிப்போம்?"

பேரிக்காய்

பொறுக்கமாட்டாமல் தட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். பேரிக்காய் கொடுக்கிறவள் பெஞ்சு மேல் நிற்கிறாள், அவள் 'ஷீ'. வாங்குகிறவன் தரையில் உட்கார்ந்திருக்கிறான், அவன் 'ஹிம்'. காய்க்குச் சொந்தக்காரன் நெஞ்சில் கை வைத்திருக்கிறான், அவனுக்கு 'ஹிஸ்'. பெஞ்சில் இன்னொருத்தி ஏறினால் 'ஷீ' போய் 'தே' ஆகிவிடும். பாடம் முடிந்ததும் காயை நறுக்கி எல்லோருமாகத் தின்றார்கள்.

இது எனக்குத் தோன்றாமல் போனதே என்று பற்றிக்கொண்டு வந்தது. நேரே ஹெட்மாஸ்டரிடம் போய், சத்தம் தாங்கவில்லை, சுவர் எழுப்பித் தாருங்கள் என்றேன். அவர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"குளிருக்குக் காதுல வைக்கிற பஞ்ச இன்னுங் கொஞ்சம் அமுக்கி வச்சுக்கங்க டீச்சர்."

பூண்டுக்கார அம்மா

முருகாயியின் அம்மா ஒரு நாள் வாசலில் வந்து நின்றாள். மகளை 'பி' பிரிவுக்கு மாற்ற வேண்டுமாம். என் பாடத்தில் என்ன குறை என்று கேட்டேன். குரல் எனக்கே கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்டது. அவள் நிதானமாகச் சொன்னாள்:

"கொறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஒங்ககிட்ட இருந்தா பாஸாயிருவா. அந்த டீச்சருகிட்ட இருந்தாத்தான் பள்ளிக்கூடம் போகணும்னு வெள்ளனே எந்திரிப்பா."

மாற்ற முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர்

இன்ஸ்பெக்டர் முதலில் என் வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் வாய்ப்பாட்டைப் பிசகில்லாமல் பாடினார்கள். அவர் புதிதாக ஒரு வாக்கியம் எழுதினார்: 'ஷீ கேவ் தெம் ஹிஸ் புக்.' ஒவ்வொரு பிரதிப்பெயரும் என்ன வேற்றுமை என்றார். வகுப்பு ஊமையாகிவிட்டது. எட்டாம் வகுப்பு கைநழுவிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்போது முருகாயி பெஞ்சு மேல் ஏறி நின்றாள். இரண்டு பேர் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருவன் நெஞ்சில் கை வைத்தான். பிறகு நாமினேட்டிவ், அப்ஜெக்டிவ், பொசசிவ் என்று மூன்றும் சரியாக வந்தன. இன்ஸ்பெக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். 'பி' பிரிவிலும் பிள்ளைகள் பெஞ்சில் ஏறியதும், இவர்கள் 'ஏ' பிரிவைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் வாய் திறக்கவில்லை.

எட்டாம் வகுப்பு எனக்கு வந்தது. அடுத்த வருஷம் ஏழுக்குப் போகிற என் பிள்ளைகளோடு சேர்த்து, ஏழாம் வகுப்பின் இரண்டு பிரிவும் ஸ்டெல்லாவுக்குப் போயின. சண்டைக்கு வருவாள் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

"அதுக்கடுத்த வருசம் எல்லாத்தையும் ஒங்ககிட்டதான அனுப்பப்போறேன் டீச்சர். அதுவரைக்கும் கொஞ்சம் சிரிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும்."

சொன்னபடியே அனுப்பினாள், அத்தனை பேரும் என் எட்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்து, வருஷம் முழுக்க ஏழாம் வகுப்புப் பக்கமே காதை வைத்திருந்தார்கள்.