கீரி பாலத்தில் நின்ற ஞாயிறு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குத் தன் அண்ணியிடம் மரியாதை நிறைய, பயம் கொஞ்சம். அண்ணிக்கு பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கும் வேலை. வண்டி சரியில்லை என்று அவர் சொல்லிவிட்டால், மேனேஜரே வந்து கெஞ்சினாலும் அது அன்றைக்கு வாசலைத் தாண்டாது.

ஞாயிறு மதியம் கடைக்கு மேலே உள்ள கண் பரிசோதனை அறையில் நான்கு பேர் கூடுவார்கள். பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டு. கதையை நடத்துவது கடைக்காரர். குகை, பூதம், எதிரிப் படை எல்லாம் அவர் பொறுப்பு. மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதாகவே மாறிவிடுவார்கள். மருந்துக்கடைக்காரர் மந்திரவாதி. தையல்காரி வில்லாளி. அண்ணிதான் முதல் நாளே வில்லங்கம் பண்ணினார்.

"எனக்கு வாளும் வேணும், மந்திரமும் வேணும்."

"ரெண்டையும் எடுத்தா ரெண்டுமே அரைகுறையாப் போயிடும் அண்ணி," என்றார் கடைக்காரர். பொய்யில்லை. ஆட்டம் போகப் போக ஒவ்வொரு பாத்திரமும் படிப்படியாக ஏறும். எல்லாப் படியையும் ஒரே வித்தையில் போட்டால் அது கிடுகிடுவென்று வளரும். பிரித்துப் போட்டால் இரண்டும் தவழும்.

அண்ணி கேட்டுக்கொண்டார், ஆனால் கேட்கவில்லை. தன் பாத்திரத்துக்குக் கீரி என்று பெயர் வைத்தார். முதல் மூன்று படியும் வாளுக்கு: கவசம் போடலாம், அடி வாங்கினாலும் தாங்கும். அப்புறம்தான் மந்திரம். கேடயம் வேண்டாம் என்றார். மந்திரம் போட ஒரு கை சும்மா இருக்க வேண்டுமாம். விதிப்புத்தகத்தை டிப்போ கேன்டீனில் உட்கார்ந்து கிரீஸ் கறையோடு படித்து முடித்திருந்தார்.

மருந்துக்கடைக்காரர் நெருப்பு மழை பொழிந்த நாளில் கீரிக்கு விளக்கேற்றும் மந்திரம்தான் தெரியும். "அக்கா, கரண்ட் போனா கூப்பிடுறோம்," என்று அவர் கிண்டலடித்தார். அண்ணியும் சேர்ந்து சிரித்தார். இரண்டு வருஷம் ஓடியது. கீரிக்கு வாளில் மூன்று படி, மந்திரத்தில் ஐந்து.

அந்த ஞாயிறு மூவரும் கயிற்றுப் பாலத்தின் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். பின்னால் கல் பூதங்களின் படை. கீரி மந்திரத்தால் மூடுபனி எழுப்பினாள். பூதங்கள் கண் தெரியாமல் தடுமாறின. அடுத்து, மந்திரவாதி சீக்கிரம் ஓட அவருக்கு வேக மந்திரமும் போட்டாள். பூதங்களின் அடிக்காகக் கடைக்காரர் உருட்டிய பகடையெல்லாம் பனியால் வீணாயின. மருந்துக்கடைக்காரர் கைதட்டினார்.

அண்ணி தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க தம்பி. பனி இல்ல."

"என்ன அண்ணி?"

"ரெண்டுமே மனசைக் குவிச்சுப் பிடிச்சு வைக்கிற மந்திரம். ஒரு நேரத்துல ஒண்ணுதான் பிடிக்க முடியும். வேகம் போட்டப்பவே பனி கலைஞ்சிருக்கணும்."

"அட, யாருமே கவனிக்கலையே அக்கா! விடுங்க!" என்று மருந்துக்கடைக்காரர் தலையில் கை வைத்தார்.

"நான் கவனிச்சுட்டேனே சார்."

கதை நடத்துபவர் கடைக்காரர். தப்பைக் கண்டுபிடித்திருக்க வேண்டியதும் அவர்தான். வேறு வழியில்லாமல் பனியை விலக்கினார். பன்னிரண்டு பூதங்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தன.

"நீங்க ரெண்டு பேரும் பாலத்தைத் தாண்டிப் போங்க," என்றார் அண்ணி. "கீரி பாலத்து நடுவுல நிக்குறா."

நின்றாள். வாள் ஒரு கையில், மறு கை காலி. அடி விழும்போதெல்லாம் அந்தக் கை உயர்ந்து ஒரு நொடிக்கு மந்திரத் தடுப்பு எழுப்பும். தடுப்பையும் மீறி விழுந்ததைக் கவசம் வாங்கிக்கொண்டது. வெறும் மந்திரவாதி முதல் அடியிலேயே சுருண்டிருப்பான். வெறும் வீரனிடம் அந்தத் தடுப்பு இருந்திருக்காது. பூதங்கள் ஒவ்வொன்றாகப் பாலத்தில் ஏறி வர, ஆறு சுற்று அவள் தாங்கினாள். அதற்குள் மற்றவர்கள் அக்கரை சேர்ந்துவிட்டார்கள். ஏழாவது சுற்றில் அண்ணி பகடையைத் தொடவே இல்லை.

"கயித்தை வெட்டுறேன்," என்றார்.

பாலத்தோடும் பூதங்களோடும் கீரியும் பள்ளத்தில் விழுந்தாள். தையல்காரி மூக்கை உறிஞ்சினாள். கடைக்காரர் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றார். இரண்டு வருஷமாக அரைகுறை என்று சொன்னவர் அவர்தான். கடைசியில், "கீரியை நல்லா உருவாக்கியிருந்தீங்க அண்ணி," என்றார்.

"ஒரு இடத்துல தப்புப் பண்ணிட்டேன். ரெண்டு படி வாள் போதும். மூணாவதை மந்திரத்துக்குப் போட்டிருக்கணும்," என்று அவர் அழிப்பான் தூளை ஊதிவிட்டுப் புதுத் தாள் கேட்டார்.

மருந்துக்கடைக்காரர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அக்கா, என் ஆளுக்கும் கொஞ்சம் வாள் போட்டா தாங்குமா?"

"முதல்ல தாளைக் காட்டுங்க சார்," என்றார் அண்ணி.