மாமா அடைத்த துளை

ஒரு மரக்கட்டை. கைமுட்டி அளவு, அந்தமான் படாக் மரத்தில் உருட்டிச் செதுக்கி, சுற்றிலும் பஞ்சும் குங்கிலியமும் அப்பியது. செதுக்கியவர் எங்கள் தாய்மாமா. அவர் கைவேலையில் குறை சொல்ல முடியாது. அது போய் உட்கார்ந்த துளையில் துளி காற்றுகூடப் போகவில்லை. அவருடைய நினைவுப் பூசையில் வாசிக்க நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லி வீட்டில் கேட்கிறார்கள். மின்னி பே துறையில் நிற்கும் பாதிப் படகுகள் அவர் கட்டியவை, அப்பா போனபின் எங்களுக்குச் சோறு போட்டவர், எல்லாம் உண்மைதான். ஆனால் பேனாவை எடுத்தால் எனக்கு அந்தக் கட்டைதான் முதலில் வருகிறது. அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் போர்ட் பிளேரில் ஒரு பழைய அம்பாசடரை டாக்சியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். என் தங்கைக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. பேச்சு வந்தபிறகு போனதால் கொஞ்சம் குழறலாகப் பேசுவாள். எதிரே நின்று பேசினால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பாட்டு மட்டும் இல்லாமல் போயிற்று. மாதா கோயில் திருவிழாவில் பேண்டுக்காரர்களின் பெரிய டிரம்முக்குப் பக்கத்தில் போய் நின்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

சினிமாக் கொட்டகையில் கழித்துப்போட்ட பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, பின்சீட்டின் முதுகோடு ஒட்டி டிக்கியில் வைக்க ஒரு பெட்டி அடித்தேன். படாக் பலகைதான். லேசான பலகை தானும் சேர்ந்து ஆடிச் சத்தத்தைத் தின்றுவிடும். பெட்டியின் மூட்டுகளில் காற்றுக் கசியவே கூடாது. ஆனால் ஒரே ஒரு துளை வேண்டும், அதற்குள் ஒரு குழாய் வேண்டும். ஸ்பீக்கர் அசையும்போது உள்ளே இருக்கும் காற்றும் அந்தக் குழாய் வழியாக மூச்சு விட்டால்தான் டிரம் போல அதிரும் அடிச்சத்தம் பலமாக வரும். அது எவ்வளவு தாழ்ந்து ஒலிக்கும் என்பது குழாயின் நீளத்தைப் பொறுத்தது. புத்தகக் கணக்கு ஓரளவுக்குத்தான் உதவியது. தங்கையைப் பின்சீட்டில் உட்காரவைத்து, குழாயை வெட்டி வெட்டிப் பார்த்தேன். கண்ணை மூடி முதுகைச் சாய்த்துக்கொண்டு, "இல்லண்ணா, லேசா கூசுது, அவ்ளோதான்" என்பாள். ஒருநாள் சாயங்காலம் கண்ணைத் திறந்தாள். உள்ளங்கையைச் சீட்டில் பதித்தாள், சிரித்தாள், மற்றக் கையால் தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள், பாட்டோடு பிசகாமல். நான் இறங்கிப்போய் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

மூட்டுகளை அடைத்துக் கொடுத்தவர் மாமாதான். படகுப் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் பூசுவதுபோலவே பூசினார். துளையைக் கண்டதும், "இது எதுக்கு மருமவனே, தண்ணி ஏறவா?" என்றார். நான் பெருமையோடு விளக்கினேன். பாட்டைப் போட்டு, துளைக்கு முன்னால் அவர் கையைப் பிடித்து வைத்தேன். காற்று வந்து மோதியதும், "அச்சா, பிள்ளைக்குப் பாட்டு இது வழியாத்தான் போவுதா" என்று தலையாட்டினார். ஓட்டையைக் கண்டால் படகுத் தச்சன் கை சும்மா இருக்காது, தெரியாமல் அடைத்துவிட்டேன் என்று பிற்பாடு ஊரெல்லாம் சொன்னாரே, அதை நான் ஏன் நம்ப வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் அவர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குக் கார் நிக்கோபார் தீவில் அரசாங்க வேலை. அவருடைய அம்மா மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்திறங்கியிருந்தார். காது விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா என்று மாமாவிடம் கேட்டேன்.

"கூச்சப்படுற பிள்ளைன்னு சொல்லிருக்கேன். கல்யாணம் முடியட்டும், பிறகு தெரிஞ்சா தெரியட்டும். நீ வாயத் தொறக்காத."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினேன். அம்மா அழுததும் பேச்சு அத்தோடு நின்றது. தங்கையை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்களை என் வண்டியில் வீட்டுக்கு அழைத்துவந்தேன். முன்னால் என் பக்கத்தில் மாமா. பின்னால் மாப்பிள்ளை, நடுவில் அவர் அம்மா, இந்த ஓரத்தில் தங்கை. "பாட்டெல்லாம் இருக்குன்னாங்களே, போடுங்க தம்பி" என்றார் அந்த அம்மா. போட்டேன். பாட்டு வந்தது, அடியில் அந்த அதிர்வு இல்லை. தங்கை முதுகைச் சாய்த்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி சாய்ந்தாள். மாமா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முறைத்ததும் என் பக்கம் குனிந்து, "பிள்ளை சீட்டத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தா காட்டிக்குடுத்துரும்லா. பேசாம ஓட்டு" என்று முணுமுணுத்தார்.

"அண்ணா, நிறுத்து" என்றாள் தங்கை.

இறங்கி நேராக டிக்கியைத் திறந்தாள். துளையில் இறுகியிருந்த கட்டையைத் தடவிப் பார்த்தாள். யார் வேலை என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஜாக்கிக் கம்பியை எடுத்து நெம்பினாள். குங்கிலியம் பெயர்ந்து கட்டை ரோட்டில் விழுந்து உருண்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, உள்ளங்கையைச் சீட்டில் பதித்துக்கொண்டு, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்குக் காது கேக்காது. பாட்டு இப்படித்தான் கேப்பேன்."

மாப்பிள்ளையின் அம்மா நிதானமாகவே பேசினார். "காது கேக்காதுன்னா சொல்லியிருக்கலாமே. நாங்க யோசிச்சிருப்போம். மறைச்சீங்களே." அவர்கள் வீட்டுக்குள் வரவில்லை.

அத்தோடு விட்டிருந்தால்கூட நான் ஆறியிருப்பேன். என் ஸ்பீக்கர் பெட்டிதான் பிள்ளையின் காதைக் கெடுத்தது என்று மாமா ஒரு கதையைக் கட்டிவிட்டார். இன்றைக்கும் கோயில் வாசலில் என்னைக் காட்டி அதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தங்கை காது விஷயத்தை முதல் பேச்சிலேயே சொல்லி, ஒரு வெல்டரைக் கட்டிக்கொண்டாள். டெய்ரி ஃபார்ம் பகுதியில் பேரன் பேத்தியோடு நன்றாக இருக்கிறாள். மாமா மேல் கோபமா என்று கேட்டால் கையை வீசிவிட்டுப் போய்விடுவாள்.

நான் அப்படிப்பட்டவன் இல்லை. மாமா படுத்த படுக்கையான பிறகு ஒருநாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். மறைத்தது, அடைத்தது, என் மேல் பழி போட்டது, ஒன்றையும் விடவில்லை. அவர் முழுசாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முடித்ததும் என் கையைத் தட்டிக்கொடுத்து, "டீக் ஹை, சரி மருமவனே. பிள்ளைகள்லாம் சுகம்தான்?" என்றார். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை சொன்னாள்: "அவருக்குக் காது போயி ரெண்டு வருசமாச்சுய்யா. வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாரு."