சாலோமி செய்த பாண்டிய நாடு

மண்டபத்தை ஒரு முறை சுற்றி வந்த பிறகுதான் சாலோமி நாற்காலியில் உட்காருவாள். பந்தி நடக்கும் இடம், கை கழுவும் இடம், பின்வாசல், வண்டிகள் நிற்கும் காலி மனை எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். கல்யாண வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும் இதே கதைதான். கணவர் ஜெபசீலன் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார். "வேவு பாக்கப் போயிருக்கா. இப்ப வந்திருவா" என்று கேட்பவர்களிடம் சொல்வார்.

உட்கார்ந்தாலும் விரல்கள் ஓயாது. கங்கைகொண்டானில் ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். பாளையங்கோட்டையிலிருந்து போகும் கம்பெனி பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியை அவளது இடது கை தட்டிக்கொண்டே வரும். "ஏட்டி, என்ன பியானோவா?" என்று ஒருநாள் கேட்டேன். "இல்ல, ஆளுகளுக்கு வேல குடுக்கேன்" என்றாள்.

கணினியில் ஆடும் போர் விளையாட்டைத்தான் சொன்னாள். ஆளுக்கு ஒரு நாடு. மரம் வெட்டி, கல் உடைத்து, தங்கம் தோண்டி, ஊர் கட்டி, படை திரட்டி எதிராளியின் ஊரை அழிக்க வேண்டும். இதில் முறை வைத்துக் காத்திருப்பது கிடையாது. நாம் மூக்கைச் சொறிகிற நேரத்தில் அவன் இரண்டு வீடு கட்டியிருப்பான்.

ரோமானியர், பாரசீகர், மங்கோலியர் என்று நாடுகள் நிறைய இருந்தாலும் பெயரும் கூரையும்தான் வேறு. எல்லோரும் ஒரே கோடாரியால் ஒரே மரத்தை வெட்டுவார்கள். ஒரு நாடு எதை வைத்துக் கொல்கிறதோ அதுதான் அதற்கு அடையாளம். "காஷ்மீர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒத்த ஆனயக் குடுத்துட்டு ஒதுங்கிட்டானுவ" என்பாள் சாலோமி.

அந்த எரிச்சலில்தான், பழைய விளையாட்டு ஒன்றில் புதிய நாடுகளைச் சேர்க்கும் ஆர்வலர் குழுவில் சேர்ந்தாள். சம்பளம் கிடையாது. தலைவர் ஒரு போலந்துக்காரர். அவரிடம் பாண்டிய நாட்டைக் கேட்டு வாங்கினாள். அவளுடைய பாண்டிய நாட்டில் குளம் வெட்டினால்தான் வயல் விளையும். தங்கச் சுரங்கத்துக்குப் பதில் முத்துக் குளிக்க வேண்டும். குதிரை வளர்க்க முடியாது, காயல் துறைமுகத்தில் கப்பலில் வருவதை வாங்க வேண்டும். வாங்கிய குதிரைகளும் நாளாக நாளாக மெலிந்து செத்துப்போகும். அந்தக் காலத்தில் இங்கே வந்த வெளிநாட்டுப் பயணிகள் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சோதனைக்கு வெளியிட்டதும் வந்தது வினை. எங்கள் மன்னனின் குதிரை தானாகச் சாவதா என்று தமிழ் ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். பெயரைப் பார்த்தாலே தெரிகிறதே, இவளுக்கும் பாண்டியனுக்கும் என்ன சம்பந்தம் என்றும் சிலர் எழுதினார்கள். சாலோமி சரியாகச் சாப்பிடவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரே சாம்பிளை மூன்று தடவை சோதித்துவிட்டு, நான்காவது தடவைக்கும் எடுத்தாள்.

"எங்க தாத்தாவோட தாத்தா ஞானஸ்நானம் எடுக்கதுக்கு முன்னால எந்த நாட்டுல இருந்தாராம்?" என்று அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே கேட்டாள்.

"ஒரு குதிரதான, சாலோ. சாகாமப் பண்ணிட்டுப் போயேன்" என்றார் ஜெபசீலன்.

"சாகலைன்னா அது பாண்டிய நாடு இல்ல, அத்தான். வேற எவன் நாடோ."

சண்டை ஓயாவிட்டால் பாண்டிய நாட்டையே எடுத்துவிட நேரும் என்று போலந்துக்காரர் எழுதினார். இரண்டு வருட உழைப்பு. ஏசியவர்களில் அவளுடைய பெயரை இழுக்காமல் குதிரையைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டவர் ஒருவர் இருந்தார். நடராஜ் என்று பெயர். அம்பாசமுத்திரத்துக்காரர், பெங்களூரில் வேலை. சாலோமி அவரை இணையத்தில் பேச்சுக்கு அழைத்தாள்.

"நீங்க பாண்டியன எடுத்துக்கிடுங்க. நான் மங்கோலியா. ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துட்டு ஏசுங்க."

ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்து ஆட்டம் தொடங்கியது. நான் சாலோமியின் பக்கத்தில் இருந்தேன். நடராஜ் எடுத்த எடுப்பில் முத்தையெல்லாம் கொட்டிக் குதிரை வாங்கினார். பாதி வழியிலேயே அவை சுருண்டு விழுந்தன. "நோஞ்சான், சரியான நோஞ்சான்" என்று அவர் முனகுவது கேட்டது. சாலோமியின் குதிரைப்படை அவருடைய இரண்டு ஊர்களைக் கொளுத்தியது. அவள் முகத்தில் அப்போது சந்தோஷம் இல்லை. நாற்காலி நுனியில் இருந்தாள்.

பிறகு நடராஜ் குதிரை வாங்குவதை நிறுத்தினார். தலைநகரைச் சுற்றிக் குளமும் வயலுமாக வெட்டினார். வேல்காரர்களை வரப்பில் நிறுத்தினார். மங்கோலியக் குதிரைகள் சேற்றில் இறங்கித் திரும்ப முடியாமல் திணறின. சேற்றில் வேகம் குறையும் என்று விதி எழுதியவளே சாலோமிதான். அதை இப்படி ஆடலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. சாயங்காலத்துக்குள் மங்கோலியா அழிந்தது.

"இந்த யோசன எங்க இருந்து வந்துச்சு?" என்று கேட்டாள் சாலோமி.

"மழக்காலத்துல எங்க ஊர் வரப்புல பைக் ஓட்டிப் பாருங்க, தெரியும்" என்றார் நடராஜ். "குதிர விசயத்த நான் இன்னும் ஒத்துக்கிடல. ஆனா இருந்துட்டுப் போகட்டும். சாகும்போது ஒரு சத்தம் வருதுல்லா, அத மட்டும் மாத்துங்க. தகர டப்பா உருளுத மாதிரி இருக்கு. அதுவும் ஒரு உசுருதான."

அந்த ஆட்டத்தை நடராஜ் பதிவிட்டார். பார்த்த பலர் வரப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். போலந்துக்காரர் பாண்டிய நாட்டை வைத்துக்கொண்டார், குதிரை சாவதோடு சேர்த்து. ஏச்சு குறைந்தது. நிற்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாலோமி என்னை மேலப்பாளையத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே அசன் முகம்மது அண்ணாச்சி கல்யாண ஊர்வலங்களுக்கு ஒரு வெள்ளைக் குதிரை வைத்திருக்கிறார். வயதான குதிரை. திரையில் எத்தனையோ ஆயிரம் குதிரைகளைச் சண்டைக்கு அனுப்பியவள், உயிருள்ள ஒன்றின் அருகே போனதே இல்லையாம்.

"பின்னால போகாதிய. முன்னால வந்து பைய நில்லுங்க" என்றார் அண்ணாச்சி.

செல்போனை அதன் மூக்கருகே நீட்டினாள். குதிரை நீளமாக மூச்சு விட்டது. கழுத்து நடுங்கியது. போதுமான அளவு பதிவானதும் போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் துப்பட்டா முனையை எடுத்தாள். குதிரையின் கண்ணோரத்தில் மொய்த்த ஈக்களை ஓட்டினாள். அவை திரும்ப வந்தன. திரும்பவும் ஓட்டினாள்.