செருப்பு கிடந்த விதம்

எங்கள் அப்பா ரயில்வேயில் கீமேன். திருப்பூருக்கும் ஊத்துக்குளிக்கும் நடுவே, தமக்கு ஒதுக்கிய தூரத்தைத் தினமும் விடிந்ததும் நடந்து, தண்டவாளத்தில் கழன்றிருக்கும் கிளிப்புகளைச் சுத்தியலால் அடித்து இறுக்குவார். ரயில்வே வேலை என்றதும் பள்ளித் தோழிகள் வாயைப் பிளப்பார்கள். அவர் ரயிலில் ஏறியதைவிட ரயிலுக்கு ஒதுங்கி நின்றதுதான் அதிகம் என்பதை நான் சொல்லிக்கொள்வதில்லை.

அந்த வேலையில் இன்னொன்றும் உண்டு. பனியன் கம்பெனிக்குப் போகிற அவசரத்தில் லைனைக் கடந்து யாராவது அடிபட்டுக் கிடந்தால், போலீஸ் வரும்வரை நாய் அண்டாமல் பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். அன்றைக்கு அம்மா வாசலிலேயே வெந்நீர் வைத்துவிடுவாள். குளித்த பிறகுதான் வீட்டுக்குள் வரலாம். கூட வேலை செய்கிறவர்கள் வந்தால் முதலில் கேட்பது, "செருப்பு எப்படிக் கெடந்துதுங்க?" என்றுதான். செத்தது யார், எந்த ஊர் என்பதெல்லாம் அப்புறம். மனிதரை விட்டுவிட்டுச் செருப்பை விசாரிக்கிறார்களே என்று எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

நாங்கள் இருந்த லைன் வீட்டில் அடுத்த கதவு சித்தப்பாவுடையது. அவர் வேலை செய்த சாயப்பட்டறையை மூடிவிட்டார்கள். அதன்பின் வேறு எங்கும் போகப் பிடிக்காமல் கட்டிலிலேயே கிடந்தார். சித்தி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக் குடும்பத்தை இழுத்தாள். ஒருநாள் சாயங்காலம் அவள் பொறுமை அறுந்துவிட்டது.

"இப்படிக் கெடக்கறதுக்கு எங்கியாச்சும் போய்ச் சாவுங்க!"

லைன் வீடு முழுக்கக் கேட்டது. சாகச் சொல்லும்போதும் எங்கள் பக்கத்தில் மரியாதை குறையாது.

மறுநாள் காலை, அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகச் சொல்லித் தூக்குப்போசியை அம்மா என்னிடம் கொடுத்தாள். ரயில் லைன் ஓரமாகவே நடந்தேன். கொஞ்ச தூரத்தில் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய துண்டு எதையோ மூடியிருந்தது. அதற்கு இந்தப் பக்கம், கோயில் வாசலில் விட்டதுபோல, ஜல்லிமேல் இரண்டு செருப்புகள் ஒன்றாக இருந்தன. ஒன்றின் வாரில் பனியன் துணி சுற்றித் தைத்திருந்தது. சித்தி தைத்தது.

அப்பா அவற்றையே வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து, தண்டவாளத்துக்கு அப்பால் முள்ளுக்குள் வீசினார். மற்றதைக் காலால் புரட்டிக் கவிழ்த்தார். திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தார்.

"இங்க வராத கண்ணு. ஊட்டுக்குப் போய் அம்மாளை வரச் சொல்லு."

சோற்றைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போய், அப்பா வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது. சித்தி சுவரில் சாய்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. முந்தின நாள் அவள் கத்தியதை வாசலில் பெண்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

அப்பாவைக் கண்டதும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"மாமா, செருப்பு எப்படிக் கெடந்துதுங்க?"

வாசலில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒண்ணு லைன்ல, ஒண்ணு முள்ளுக்குள்ள கெடந்துச்சு அம்மிணி. கடக்கறப்ப வண்டி வந்ததப் பாக்கல போல."

அப்போதுதான் சித்தி வாய்விட்டு அழுதாள். குசுகுசுத்த பெண்களே ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். எனக்கும் அழுகை வந்தது.

அப்பா வாசலில் வெந்நீர்முன் உட்கார்ந்தபோது நான் மெல்லப் போய்ச் சொன்னேன்: "ரெண்டும் ஒண்ணாத்தானுங்கப்பா இருந்துச்சு."

மொண்ட சொம்பை ஊற்றிக்கொள்ளாமல் கீழே வைத்தார். "இல்லீங்க கண்ணு" என்றார்.

லைனைக் கடக்கிறவர் யாரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கடப்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்றே நினைத்தேன்.