சித்தி கொண்டுவந்த கலர்

சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த சித்தி, திரும்பி வரும்போது ஒரு கலர் டிவியை மடியில் வைக்காத குறையாகப் பதுளைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். கடைவீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் கரண்டு உண்டு. ஆகவே பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களிலிருந்து உறவெல்லாம் கலர் பார்க்க பஸ் ஏறி வந்துவிட்டது. மழையும் கூடவே வந்தது.

புதுசு எதுவானாலும் பொட்டு வைத்துத்தானே தொடங்க வேண்டும்? அம்மா தேங்காய் உடைத்து, டிவிக் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மாமா சுவிட்சைப் போட்டார். படம் வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக வந்தது.

திருகுகள் என் பொறுப்பு. எனக்குத் தெரியாதது உலகத்திலேயே இல்லை என்றிருந்த வயது. கலர்த் திருகைக் கடைசிவரை திருகினேன், ஒன்றுமில்லை. வெளிச்சத்தைக் கூட்டினேன், செய்தி வாசித்த பெண் சுண்ணாம்பு அடித்த சுவரானாள். குறைத்தேன், அவள் பற்கள் மட்டும் செய்தி வாசித்தன. மாமா மழையோடு மழையாகக் கூரையேறி ஏரியலைத் திருப்பினார்.

"இப்ப?"

"இல்ல மாமா!"

"இப்ப?"

"இப்ப படமும் இல்ல மாமா!"

அடுத்த வீட்டுப் பெரியம்மாதான் ஆரம்பித்தாள். "கலரு இல்லன்னு யாருடி சொன்னா? அந்தா, குங்குமம் செகப்பாத்தானே தெரியுது!"

கூடமே சிரித்தது. பிறகு அவளே, குரலைத் தாழ்த்தாமல், "பாவம், கலருன்னு சொல்லி இவ தலையில கட்டிப்புட்டானுங்க" என்றாள். சித்தியின் முகம் இருண்டது. அந்த இருட்டைக் கூட்டிக் குறைக்க என்னிடம் திருகு இல்லை.

மறுநாள் ரேடியோக் கடைக்காரர் வந்து டிவியின் முதுகைத் திறந்து பார்த்தார். "பழுது ஒன்னும் இல்லீங்க. கலர் அனுப்புற முறை அந்த நாட்டுல வேற, இங்க வேற. கொழும்புல ஒரு பார்ட் கெடச்சா போட்டுடலாம்."

சித்தி ஏமாறவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பெரியம்மாவுக்கு வேண்டியிருந்தது. "ஆமா, டிவிக்கும் பாஷை தெரியலையாக்கும்!"

அன்று மாலை சித்தி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, டிவிக்குப் பக்கத்தில் கூடத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். செய்தி வாசிக்கும் பெண் வந்ததும் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சேல மாம்பழக் கலரு. கரை மயில் கழுத்து."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் பெரியம்மா.

"கலர்லயே பாத்துப் பழகுன கண்ணு அக்கா. ஒங்களுக்கும் பழகிரும்."

யாரால் மறுக்க முடியும்? சித்தி ஒவ்வொரு மாலையும் சொன்னாள். மலை என்றால் நீலம், குடை என்றால் கத்தரிப்பூ, வில்லன் சட்டை என்றால் மிளகாய்ப் பழம். ஒருநாள் அவள் மாம்பழம் என்றபோது பெரியம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தாள்.

"நல்லாப் பாருடி. அது மாம்பழம் இல்ல, எலுமிச்ச!"

சித்தி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அன்றோடு எங்கள் டிவி கலர் டிவி ஆகிவிட்டது. கொழும்பிலிருந்து பார்ட் வரவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

எனக்கோ ஆசை அடங்கவில்லை. சவூதி டிவியில் என்னென்ன படம் பார்த்தாள் என்று சித்தியைக் குடைந்தேன். அவள் சற்று யோசித்தாள்.

"அந்த வீட்டுக்காரங்கெல்லாம் பாத்து முடிச்சு எந்திரிச்சுப் போனப்புறம் டிவிய அணைச்சிருவாங்க. சூடு ஆறணும். அப்புறந்தான் நான் உள்ள போயி மெல்லிசுத் துணியால மேலேருந்து கீழ தொடைக்கணும். அழுத்தக் கூடாது."

படத்தைக் கேட்டால் கண்ணாடியைச் சொல்கிறாளே என்று சலித்துக்கொண்டு, நான் விளையாட ஓடிவிட்டேன்.