அம்மா சரியென்று சொன்ன பிறகு

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. ஆண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன். "நல்லதா நாலு வரி எழுது. ஆனா நடந்தத மாத்தி எழுதாத" என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

அக்கா காடாம்புலியூரில் பிறந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காலமானார். அம்மா முந்திரி உடைக்கும் வேலைக்குப் போய் எங்களை வளர்த்தார். பிறகு மாமா எங்களைச் சிதம்பரத்துக்கு அழைத்து வந்து தம் வீட்டை ஒட்டிய அறையில் குடிவைத்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அக்கா, 2006ஆம் ஆண்டு கடலூரில் ஒரு கண் மருத்துவமனையில் டெக்னீசியன் பயிற்சியில் சேர்ந்தார். யார் கேட்டாலும் அம்மா "நர்ஸுக்குப் படிக்குது" என்பார். "நர்ஸ் இல்லம்மா, கண்ணு டெக்னீசியன்" என்று அக்கா திருத்துவார். அடுத்தவர் கேட்டால் அம்மாவுக்கு மறுபடி நர்ஸ்தான்.

விடுமுறைக்கு வந்தால் என் கண்தான் அவருக்குப் பாடப்புத்தகம். கீழிமையை இழுத்துப் பிடித்து, புட்டியின் நுனி எங்கும் படாமல் ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது, அடுத்தது காதில். "கண்ணு எங்கருக்குன்னு இன்னும் சொல்லித் தரலியா?" என்று கேட்டு உதை வாங்கினேன்.

கண்ணைத் தொடுமுன் நோயாளியிடம் "தொடப் போறேன்" என்று சொல்ல வேண்டும் என்பது பயிற்சியில் கண்டிப்பான விதி. இரண்டாம் ஆண்டில், இறந்துபோன ஒரு பெரியவரின் கண்களைத் தானமாக எடுக்கச் சென்ற மூத்த டெக்னீசியனோடு அக்காவையும் அனுப்பினார்கள். கிடத்தியிருந்தவரின் இமையில் கைவைக்கும் முன் அக்கா பழக்கதோஷத்தில் "தொடப் போறேங்கய்யா" என்று சொல்லிவிட்டார். கூட வந்தவர் முறைத்தாராம். அந்த வீட்டம்மா மட்டும், "சொல்லிட்டே செய்ம்மா, அவரு பயந்தவரு" என்றாராம்.

அன்றிலிருந்து தம் கண்களையும் கொடுத்துவிட வேண்டும் என்பதே அக்காவின் பேச்சாக இருந்தது. வீட்டார் சம்மதிக்காமல் யாரும் எடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டார் என்றால் அம்மாதான்.

"கண்ணில்லாம மேல போனா வழி எப்பிடித் தெரியும்?"

"கருவிழி மட்டுந்தாம்மா எடுப்பாங்க."

"பெத்தவகிட்ட பேசற பேச்சாடி இது?"

சமாதானம் பேச வந்த மாமாவுக்கு அன்று காபிகூடக் கிடைக்கவில்லை. ஆண்டுகள் போயும் அம்மா மசியவில்லை.

பயிற்சி முடித்து அக்கா சிதம்பரத்திலேயே வேலையில் அமர்ந்தார். ஸ்ரீமுஷ்ணம், திட்டக்குடி என்று எங்கே கண் முகாம் என்றாலும் முதல் ஆளாகக் கிளம்புவார். சென்ற ஆண்டு அப்படி ஒரு முகாமிலிருந்து காய்ச்சலோடு திரும்பினார். மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சில நாட்களில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கும்படி ஆயிற்று. மருந்து வாங்கி வா என்றால் ஓடினோம், வெளியே இரு என்றால் இருந்தோம். எங்களால் ஆனது அவ்வளவுதான். இரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்று மருத்துவர் சொன்னது அக்காவின் காதிலும் விழுந்தது. அன்று உள்ளே போன என்னிடம், "அம்மாகிட்ட கண்ணப் பத்தி இனிமே கேக்காதடா. விட்டுடு" என்றார். அம்மாவுக்காகத் தம் ஆசையை விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா அழவில்லை. எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். பஞ்சை நனைத்து அக்காவின் இமைகள் மேல் வைத்தார். வந்திருந்தவர்கள் புழுக்கம் தாங்காமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"காத்து பட்டா கண்ணு காஞ்சிடும்னு அவதான் சொல்லியிருக்கா. யாரும் ஃபேன் போடாதீங்க" என்ற அம்மா, மாமாவின் பக்கம் திரும்பினார். "அண்ணே, அவகூடப் படிச்ச பொண்ணுக்குப் போன் பண்ணு. வந்து எடுத்துக்கட்டும்."

அந்தத் தோழி பெட்டியோடு ஓடி வந்தார். என்ன காய்ச்சல் என்று என்னைக் கேட்டார். மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். பெட்டியைத் திறக்காமலே கீழே வைத்துவிட்டார். இரத்தத்தில் கிருமி பரவி இறந்தவரின் கண்ணை இன்னொருவருக்கு வைக்கக் கூடாதாம். பயிற்சியில் அவர்கள் இருவரும் சேர்ந்து படித்த பாடமாம். அக்கா ஏன் கேட்க வேண்டாம் என்றார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

மருத்துவமனை வாசலில் எங்களோடு நின்றவர்களுக்கும், இரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், எல்லாக் காரியங்களையும் தோளில் போட்டுக்கொண்டு செய்த மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி உடையது. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போன பிறகும் மாலை வரை அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அந்தத் தோழிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்.

"நான்தான் சரின்னுட்டேனேம்மா. இன்னும் யாரக் கேக்கணும்?"