எதிர்க் கொக்கி

பேய், பிசாசுன்னு யாராச்சும் கதைய ஆரம்பிச்சா நான் எழும்பிப் போயிருவேன், அந்த ரகம் நான். எங்க தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுல சாமி வந்து ஆடுறவருகிட்டயே போயி, "சாமி, நீங்க நெசமாவே சாமின்னா மொதல்ல நம்ம கணக்கப்புள்ளைய ரெண்டு சாத்து சாத்துங்க, அப்புறம் நம்புறேன்"னு சொல்லி ஊரே சிரிச்சு, வீட்டுல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவன். இப்பவும் சுடுகாட்டுப் பாதையில ஒத்தையில போவேன், வருவேன், ஒரு பயமும் கெடையாது. ஆனா இந்த ஒன்னு மட்டும் நடந்துச்சு. நம்புனா நம்புங்க, நம்பாட்டி விடுங்க, உங்கள நம்ப வச்சு எனக்கு ஆகப்போறது ஒன்னுமில்ல.

அப்புத்தளையில இருந்து கொஸ்லந்தைப் பக்கம் எறங்குற மலையில ஒரு தேயிலைத் தோட்டம். பேரு வேணாம், அங்க இன்னும் நம்ம சனம் இருக்கு. மலை உச்சியில எடுக்குற கொழுந்த கீழ பெக்டரிக்கு எறக்க அந்தக் காலத்துல கம்பி போட்டிருந்தாங்க. மேல ஒரு ஸ்டேஷன், கீழ ஒரு ஸ்டேஷன். ஸ்டேஷன்னதும் ரயிலு, பிளாட்பாரம்னு நெனச்சிறாதீங்க, நாலு தூணு, மேல தகரம், நடுவுல கம்பி சுத்தி ஓட ஆளு ஒசரத்துக்கு ஒரு சில்லு, அதான் சக்கரம், அவ்வளவுதான். ஒரு கம்பியில கொழுந்துச் சாக்கு கொக்கியில தொங்கிக்கிட்டே கீழ போகும், அந்தப் பாரம் இழுக்குற இழுப்புல அடுத்த கம்பியில வெறுங்கொக்கி மேல வரும். ஒன்னு எறங்குனாத்தான் ஒன்னு ஏறும், பாதி வழியில ரெண்டும் எதிரும் புதிருமா தாண்டிப் போகும். எஞ்சின் கிஞ்சின் ஒன்னும் கெடையாது. சில்லுக்கு மரக்கட்டையில ஒரு பிரேக்கு, அத அமுக்கிப் புடிச்சு வேகத்தக் கொறைக்கணும். காலையில வேலைக்குப் பேரு போடுற பெரட்டுல தொரைய எதுத்து ஒரு வார்த்த பேசிட்டேன்னு அந்தக் கட்டைய அமுக்க என்னைய மேல அனுப்புனாங்க.

வேலைக்கு மட்டுமில்ல, குடியிருக்கவும் அங்கதான். கம்பியக் காவல் காக்கணுமாம். ஸ்டேஷனுக்குப் பக்கத்துல ஒரு தகரக் குடிசை, அதுல நான், என் பொஞ்சாதி செல்லம்மா, நாலு வயசு மக லெச்சுமி. கொழுந்தெடுக்க வர்ற பொம்பளைங்க நாலு மணிக்கு எறங்கிருவாங்க, அப்புறம் பனிமூட்டம் வந்து மூடிரும், பத்தடிக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு தெரியாது. மொத ஒரு மாசம் எனக்குப் பைத்தியம் புடிக்காத கொறதான். சண்ட போடக்கூட ஒரு மனுசன் வேணுமில்ல?

அப்பத்தான் பியதாச அண்ணே கெடச்சாரு. கீழ் ஸ்டேஷன் ஆளு அவரு, அடுத்த சிங்களக் கிராமத்துக்காரரு. எங்க சிநேகிதம் ஆரம்பிச்சது மொகத்தப் பாத்து இல்ல, கம்பியில தட்டித்தான். மேலயும் கீழயும் பேசிக்க போன் கெடையாது, இரும்புக் கம்பால கம்பியத் தட்டுவோம். ஒரு தட்டு மேலருந்துன்னா அனுப்பச் சாக்கு இருக்கு, கீழருந்துன்னா வந்து சேந்துருச்சு, ரெண்டு தட்டுன்னா விடு, மூணு தட்டுன்னா நிறுத்து. கீழருந்து ரெண்டு தட்டு வராம மேல கட்டைய எடுக்கவே கூடாது, அது சட்டம். ஒரு நாள் அந்தி அஞ்சு மணிக்கு, வேலையெல்லாம் முடிஞ்ச பொறகு, கீழருந்து ஒரே ஒரு தட்டு வந்துச்சு. என்னடா இதுன்னு நானும் ஒரு தட்டு தட்டுனேன். மறுநாளும் அதே அஞ்சு மணி. சம்பளத்தன்னைக்கு எறங்கிப் போயி என்னாண்ணே அதுன்னு கேட்டா, "மல்லி, சும்மாதான். நீங்க இருக்கிங்களான்னு பாத்தேன்"ன்னாரு. மல்லின்னா சிங்களத்துல தம்பி. அவரு தமிழு கொஞ்சம் நொண்டும், என் சிங்களம் தவழும், ஆனா அந்த ஒத்தத் தட்டுல ரெண்டு பேரும் பேசாதது ஒன்னுமில்ல.

அது பஞ்ச காலம். மாவு இல்ல, அரிசி இல்ல, பாணுக்கு, அதான் ரொட்டிக்கு, விடியக் காலையில இருந்து வரிசை. தோட்டத்துல சனம் கெழங்கத் தோண்டித் தின்னுச்சு, கெழங்கு தீந்தப்ப இலையத் தின்னுச்சு. வெறுங்கொக்கி மேல வரும்போது அதுல ஒரு சின்னச் சாக்குப் பை தொங்கும், உள்ள அவிச்ச பலாக்கா இருக்கும், இல்லாட்டி மரவள்ளி. அவரு வீட்டுலயும் அஞ்சு உருப்படி, அவருக்கு மட்டும் எங்கருந்து கெடச்சுச்சு? நான் பதிலுக்கு காஞ்ச தேயிலை வேரு கட்டி அனுப்புவேன், அடுப்புக்கு நல்லா நின்னு எரியும். அந்தப் பலாக்கா இல்லைன்னா நாங்க மூணு பேரும் அந்த மலையிலயே முடிஞ்சிருப்போம், இத நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.

அந்த வருசம் ஐப்பசி மழ விடவே இல்ல. மூணு நாளா வேலைக்குப் பேரே போடல, வேலை நின்னு போச்சு. அப்பத்தான் லெச்சுமிக்கு வயித்தால போக ஆரம்பிச்சுச்சு. மொத நாளு ஒன்னும் தெரியல. ரெண்டாம் நாளு ரத்தமா போச்சு. மூணாம் நாளு மத்தியானம் பாத்தா கண்ணு உள்ள போயி, தோலக் கிள்ளுனா கிள்ளுன எடத்துலயே நிக்குது, அழுறதுக்குக் கூட தெம்பில்ல. அந்த மாசம்தான் கீழ லயத்து வீடுகள்ல இதே நோயில செத்த புள்ளைங்கள வரிசையா பொதச்சிருந்தாங்க. செல்லம்மா அழல, என் மொகத்தையே பாத்தா. "என்னாங்க செய்யப் போறீங்க?"ன்னு மட்டும் கேட்டா.

புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு எறங்குனேன். அரை மைலு போகல, பாதையக் காணோம். மண்ணு சரிஞ்சு மலையோட ஒரு பக்கமே கீழ போயிருச்சு. காட்டச் சுத்திப் போகலாம், ஆனா விடிஞ்சுரும், அதுவரைக்கும் இந்தப் புள்ளைக்கு உசுரு நிக்காது. திரும்பி மேல ஏறுனேன். ஏறும்போதே முடிவு பண்ணிட்டேன்.

கம்பியில ஆளு ஏறக்கூடாது. ஏத்துனா வேலையும் போகும், போலீசும் வரும். பெரிய ஆளு ஏறுனா பழைய கம்பி தாங்காதுன்னும் சொல்லியிருந்தாங்க, அதுனால செல்லம்மாவ கூட அனுப்ப முடியாது. நான் போனா பிரேக்க யாரு புடிக்கிறது? புள்ள ஒத்தையிலதான் போகணும். அஞ்சு மணிக்குக் காத்துக்கிட்டு இருந்தோம். அன்னைக்கு வேலை இல்ல, கொட்டுற மழ, அவரு எதுக்கு ஸ்டேஷனுக்கு வரப்போறாருன்னு ஒரு மனசு சொல்லுது. கும்புடாத எனக்கு அன்னைக்கு வாயில வராத சாமி இல்ல. வந்துச்சுங்க. டங்ணு ஒரு தட்டு.

நானும் பதிலுக்கு ஒரு தட்டு தட்டுனேன், கொஞ்சம் விட்டு தனியா இன்னொரு தட்டு தட்டுனேன். அனுப்பச் சாக்கு இருக்குன்னு அர்த்தம். வேலையில்லாத நாள்ல என்ன சாக்குன்னு அவரு யோசிச்சிருப்பாரு போல. அப்புறம் ரெண்டு தட்டு. விடு.

கொழுந்துச் சாக்குல புள்ளையக் கழுத்து வரைக்கும் எறக்கி, கம்பளியச் சுத்தி, கொக்கியோட சேத்துக் கட்டுனோம். புள்ளையோட பாரம் கம்பிய இழுக்கப் பத்தாது, அதுனால அடியில இன்னொரு சாக்குல கல்லப் போட்டுத் தொங்கவிட்டேன். அங்கதான் ரெண்டு தப்பு பண்ணுனேன். பதட்டத்துல கல்ல அள்ளிப் போட்டுட்டேன், அளவு பாக்கல. அடுத்தது, நனைஞ்ச கட்டை சில்லுல வழுக்கும், அதுக்குத்தான் மழ நாள்ல கட்டையிலயும் சில்லுலயும் சாம்பலத் தூவிட்டு ஓட்டுவோம். அது நித்தம் செய்யிற வேலை, தூக்கத்துல எழுப்புனாலும் செய்வேன். அன்னைக்கு மறந்துட்டேன். புள்ள உசுரு தொங்குற அன்னைக்கு மறந்துட்டேன்.

கட்டையத் தளத்துனேன், கொக்கி நகந்துச்சு, லெச்சுமியோட தலை பனிக்குள்ள போயி மறஞ்சுச்சு. அடுத்த நிமிசமே சில்லு வேகம் எடுத்துருச்சு. கட்டைய அமுக்குறேன், புடிக்கல. மேல ஏறிப் படுத்து நெஞ்சக் குடுத்து அமுக்குறேன், புடிக்கல, சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கிட்டு ஓடுது. அந்த வேகத்துல கீழ போனா தூணுல அடிச்சு புள்ள செதறிப் போயிரும். செல்லம்மா வாயப் பொத்திக்கிட்டு ஓரமா நிக்கிறா. எனக்கு மனசு பூரா ஒரே ஒரு நெனப்புதான், வேற ஒன்னுமே இல்ல: எதிர்க் கொக்கியில நான் தொங்கணும், என் பாரம் அதுல இருந்தா இது நின்னுரும், என்னைய அதுல மாட்டு ஆண்டவனே, மாட்டு.

சில்லு திடீர்னு கொறஞ்சுச்சு. கட்டை புடிச்சதுல இல்லங்க, அது என் கைக்குத் தெரியும். எதிர்க் கம்பியில பாரம் ஏறியிருக்கு. பாதி வழியில, ரெண்டு கொக்கியும் தாண்டுற எடத்துல, ஒரு பாரம் வந்து தொங்கிருச்சு. ஒரு ஆளு பாரம். கம்பி அந்தப் பக்கம் தாந்து மொனகுது. கல்லையும் புள்ளையையும் சேத்தாலும் ஒரு ஆள மேல தூக்காது, கணக்கே ஒத்துவராது, ஆனா சில்லு மெதுவா, அவ்வளவு மெதுவா சுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் கட்டைய விட்டுட்டு நின்னுட்டேன். எனக்கு அங்க வேலையே இல்ல.

பனிக்குள்ள இருந்து எதிர்க் கொக்கி வந்துச்சு. வெறுங்கொக்கி. ஒன்னுமே இல்ல, தண்ணி சொட்டுது. ஆனா தகரத்துக்குள்ள வந்து நின்னதும் கம்பி வெடுக்குன்னு மேல துள்ளுச்சு, சாக்க எறக்குனா துள்ளுமே, அதே மாதிரி. செல்லம்மா என்னைய பாக்கல. அந்தக் கொக்கிக்குப் பக்கத்துல வெறும் எடத்தப் பாத்து, மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தவங்களுக்கு எடம் விடுவோமே, அந்த மாதிரி ஒரு அடி நகந்து நின்னா. "புள்ள எறங்கிருச்சுங்களா?"ன்னு கேட்டா. என்கிட்ட இல்ல. கேட்டுட்டு, பெருமூச்சு விட்டு, முந்தானையால மொகத்தத் தொடச்சா. அதுக்குப் பொறகுதான் கீழருந்து ஒரு தட்டு வந்துச்சு, வந்து சேந்துருச்சுன்னு.

"யாருகிட்ட புள்ள பேசுன?"ன்னு கேட்டேன். என்னையத் திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வைய எப்படிச் சொல்றதுன்னே தெரியல. அவ கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு காட்டுப் பாதையில எறங்குனேன், அட்டை கடிக்க, வழுக்கி விழுந்து எழும்பி, நாங்க கீழ போயிச் சேர விடிஞ்சுருச்சு.

பியதாச அண்ணே புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு ரோடு வரைக்கும் ஓடி, ஒரு லொறியக் கையக் காட்டி மறிச்சு, பதுளை ஆஸ்பத்திரியில கொண்டு போயி சேத்திருந்தாரு. நாங்க விசாரிச்சுக்கிட்டு அங்க போகும்போது கட்டிலுக்குக் கீழ தரையில உக்காந்திருந்தாரு, சட்டையெல்லாம் புள்ளையோட கழிச்சல். என்னையப் பாத்ததும் அழுதுட்டாரு. "மல்லி, எவ்வளவு மெதுவா எறக்குனீங்க, கையில தர்ற மாதிரி"ன்னாரு. "அண்ணே, எதிர்க் கொக்கியில என்ன மாட்டுனீங்க?"ன்னு கேட்டேன். "ஒன்னும் மாட்டலயே. பலாக்கா கூட இல்லயே நேத்து"ன்னாரு.

ரெண்டு நாளு கழிச்சு லெச்சுமி கண்ண நல்லா முழிச்சா. கையில சேலைன் ஊசி. மொத வார்த்தையா என்னையப் பாத்து, "அப்பா, நீங்க ஏன் எதிர்க் கொக்கியில மேல போனீங்க? கண்ண மூடிக்கன்னு சொன்னீங்க, நான் மூடிக்கிட்டேன்"ன்னா. காச்சல்ல ஒளறுதுன்னு நான் சிரிச்சேன். செல்லம்மா சிரிக்கல.

அதுக்கப்புறம் தோட்டம் மாறுனோம், கம்பியையும் கழட்டிட்டாங்க. லெச்சுமிக்குக் கல்யாணமாகி இப்ப பண்டாரவளையில இருக்கா, அவளுக்கு அது ஒன்னுமே ஞாபகமில்ல. பியதாச அண்ணே போயி சேந்துட்டாரு, அவரு சாவுக்கு நான்தான் மொத ஆளா போயி நின்னேன். செல்லம்மா மட்டும் அதப் பத்தி வாயே தொறக்கல. நானும் கேக்கல. கேட்டிருக்கலாம், பயம்தான், இப்ப ஒத்துக்கிறேன்.

போன மாசி மாசம் அவ படுத்த படுக்கையா இருந்தா. கடைசி வாரம், பகல்ல, கஞ்சி குடுத்துக்கிட்டு இருக்கேன். "ஒன்னு கேக்கவாங்க?"ன்னா.

"கேளு புள்ள."

"அன்னைக்கு கொக்கியில வந்து எறங்குனதும் நீங்கதான், கட்டைகிட்ட நின்னதும் நீங்கதான். ஒரே சட்டை, ஒரே மொகம். மொகத்தத் தொடச்சிட்டுப் பாக்குறேன், ஒருத்தருதான் இருந்தீங்க. என் கையப் புடிச்சு காட்டுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனது எந்த ஆளுங்க?"

"நான்தான்டி"ன்னேன். யோசிக்கக்கூட இல்ல, சட்டுனு சொல்லிட்டேன். "சரிங்க"ன்னு கண்ண மூடிக்கிட்டா.

இத்தன வருசம் எனக்குச் சோறு போட்டவ, யாருக்குப் போடுறோம்னு தெரியாமலே போட்டிருக்கா. சாகப்போறவகிட்ட நான்தான்னு அவ்வளவு சுளுவா சொன்னேனே, அத எத வச்சுச் சொன்னேன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.